மாராவுக்கு, டாவிட்

பிரசல்ஸ் நகரின் அரச நுண்கலை அருங்காட்சியகத்துக்குள் நான் நுழைந்தது மழைக்கு ஒதுங்கத்தான் என்று சொன்னால் அது முழுப் பொய்யாகாது. அலுவலக வேலையாகப் போன ஊரில் மாலை ரயிலுக்கு மூன்று மணி நேரம் மிச்சம் இருந்தது. வெளியே நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கால ஓவியர் ழாக் லூயி டாவிட், கொலையுண்ட புரட்சிப் பத்திரிகையாளர் மாராவை வரைந்த ‘மாராவின் மரணம்’ அங்கேதான் இருக்கிறது என்பது தெரியும். அச்சில் நூறு முறையாவது பார்த்த படம் என்பதால், பழகிய வீட்டுக்குப் போகிறவனைப் போலவே போனேன். ஆனால் நேரில் நின்றதும் முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது மாராவின் முகம் அன்று, அவர் தலைக்கு மேலே இருந்த சுவர். ஓவியத்தின் உயரம் 165 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். அதன் மேற்பாதி முழுவதிலும் ஒன்றுமே இல்லை. அச்சுப் பிரதிகளில் அந்த இடம் வெறும் இருட்டாகத் தெரியும்; இடம் போதாத புத்தகங்களில் அதை வெட்டியே விட்டிருப்பார்கள். நேரில் அது இருட்டன்று. பச்சையும் பழுப்புமாகத் தூரிகை நுனியால் ஒற்றி ஒற்றி எழுப்பிய, வலப்பக்கம் போகப்போக மெல்ல வெளிச்சம் ஏறுகிற ஒரு வெளி. ஒருவர் இறந்த வீட்டில் ஆட்கள் எல்லாம் எழுந்து போன பிறகு இருக்கிற அமைதி அதில் இருந்தது.

அந்த வெறுமைக்குக் கீழே, குளியல் தொட்டியில் தலை சாய்ந்து ஒரு மனிதர் கிடக்கிறார். தலையில் வெள்ளைத் துணிக் கட்டு. வலக்கை தரைவரை தொங்குகிறது. விரல்களுக்கு இடையில் இறகுப் பேனா இன்னும் நழுவவில்லை. இடக்கையில் இரத்தக் கறை படிந்த ஒரு கடிதம். காறை எலும்புக்குச் சற்றுக் கீழே காயம், மிகச் சிறியது. தொட்டியின் மேல் விரித்திருக்கும் வெள்ளைத் துணியில் ஓர் ஒட்டுப் போட்டிருக்கிறது. அந்த ஏழ்மையைக்கூட டாவிட் தவறவிடவில்லை. மேசைக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி நிற்கிறது. அதன் ஆணியையும் மரவரிகளையும் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது. பெட்டியின் முகப்பில், கல்லறையில் பொறித்தது போல, ‘மாராவுக்கு, டாவிட்’ என்று இரண்டே சொற்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு முதியவர், கடிதத்தைப் படிப்பதற்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். படித்து முடித்தவர் நிமிரச் சற்று நேரமாயிற்று. எனக்கும் கண் கலங்கியிருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வெட்கம் அன்றிரவு ரயிலில் வந்தது. வரலாறு படித்த நண்பர் ஒருவருக்கு, படத்தின் முன் கலங்கி நின்றதைச் சற்று விரிவாகவே எழுதி அனுப்பியிருந்தேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: “கலங்கியது சரி, யாருக்காகக் கலங்கினீர்கள் என்று யோசித்தீர்களா?” எல்லோரும் சொல்வதைத்தான் நானும் திருப்பி எழுதினேன்: படைப்பு வேறு, படைப்பாளி வேறு. அனுப்பிய மறுநொடியே அந்தப் பதில் இந்தப் படத்துக்குப் பொருந்தாது என்று உறைத்தது. ஓர் ஓவியர் தம் சொந்த வாழ்க்கையில் கடன்காரராகவோ கொடுமைக்காரராகவோ இருந்தார், படம் மட்டும் அழகாக அமைந்துவிட்டது என்ற கதை அன்று இது. டாவிட்டின் அரசியலுக்கும் இந்தப் படத்துக்கும் நடுவில் கோடு கிழிக்க இடமே இல்லை. இந்தப் படமே அவருடைய அரசியல் பணிதான்.

பெயர்ப் பட்டியல்

1793 ஜூலை 13, சனிக்கிழமை மாலை. வட பிரான்சின் கான் நகரிலிருந்து வந்த சார்லோட் கோர்தே என்ற 24 வயதுப் பெண் மாராவின் வீட்டுக்குப் போனாள். காலையில் ஒருமுறை வந்து திருப்பி அனுப்பப்பட்டவள். இந்த முறை அவளை உள்ளே விடச் செய்தது இரக்கம் அன்று. பாரிசிலிருந்து தப்பியோடிய, புரட்சியின் மிதவாத அணியான ஜிரோந்தின் கட்சி உறுப்பினர்கள் கான் நகரில் கூடியிருந்தார்கள். அவர்களுடைய சதியைப் பற்றிச் சொல்வதாக அவள் எழுதியிருந்தாள். தோல் நோயின் எரிச்சலைத் தணிக்க நாள் முழுதும் தொட்டி நீரிலேயே இருந்து பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டிருந்த மாரா அவளை அழைத்து, பெயர்களைக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். சில நாட்களில் இவர்கள் அத்தனை பேரையும் கில்லட்டினுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவர் சொன்னதாக அவள் பின்னர் வாக்குமூலம் அளித்தாள். அதன் பிறகே கத்தியை எடுத்தாள். ஆக, மாரா இறந்தபோது அவர் கைப்பட எழுதி முடித்திருந்தது கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல்.

இனி ஓவியத்துக்குத் திரும்பலாம். அந்தப் பட்டியல் எங்கே? இல்லை. இடக்கையில் இருக்கும் கடிதத்தில், பிரெஞ்சு தெரிந்த எவரும் தடையின்றிப் படிக்கும்படி, கோர்தேயின் பெயரும் தேதியும் இருக்கின்றன. அவற்றின் கீழே, ‘நான் மிகவும் துயரத்தில் இருக்கிறேன் என்பது ஒன்றே உங்கள் கருணையைப் பெற எனக்குப் போதிய உரிமை’ என்ற பொருள்படும் ஒரு வாக்கியம் இருக்கிறது. இதை ஒத்த ஒரு வரி கோர்தே எழுதிவைத்திருந்த இன்னொரு கடிதத்தில் உண்டு. அந்தக் கடிதம் மாராவின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. மரப்பெட்டியின் மேல் அசிக்னா என்ற அக்காலக் காகிதப் பணம் ஒன்றும், அதனோடு ஒரு சீட்டும் இருக்கின்றன. தாய்நாட்டைக் காக்கும் போரில் கணவனை இழந்த, ஐந்து பிள்ளைகளின் தாய்க்கு இதைக் கொடுக்க வேண்டும் என்பது சீட்டின் செய்தி. டாவிட் வரைந்த மாரா, சாகும் நேரத்தில் ஒரு விதவைக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர். தலைகளைக் கேட்ட பேனா தானம் எழுதும் பேனாவாக மாறிவிட்டது. மாரா பணம் சேர்க்காமல் ஏழையாகவே செத்தார் என்பது உண்மை என்பதால், பொய்யும் அந்த உண்மையின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

விடுபட்டவை வேறும் உண்டு. அறைச் சுவரில் உண்மையில் தூண்கள் அச்சிட்ட சுவர்த்தாள் ஒட்டியிருந்தது; நான் மெய்ம்மறந்து பார்த்த அந்த வெற்றுச் சுவர் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. மாராவின் தோல் நோய்க்கு ஓவியத்தில் ஒரு தழும்பும் இல்லை. பளிங்கில் செதுக்கிய கிறிஸ்துவின் உடல் போல இருக்கிறது. கோர்தே ஒரு பெயராகவும், தரையில் கிடக்கும் கத்தியாகவும் மட்டும் இருக்கிறாள். டாவிட்டுக்குத் தெரியாமல் இவை விடுபட்டுவிடவில்லை. கொலைக்கு முந்தைய நாள்தான், தீவிரப் புரட்சியாளர்களின் அமைப்பான ஜாக்கோபின் சங்கத்தின் சார்பில் அவர் மாராவை நலம் விசாரிக்கப் போயிருந்தார். தொட்டியிலிருந்து நீண்ட கை மரக்கட்டையின் மேல் எழுதிக்கொண்டிருந்ததை நேரில் கண்டதாக, புரட்சிக்காலச் சட்டமன்றமான தேசியப் பேரவையில் அவரே சொன்னார். கொலை நடந்த மறுநாள் பேரவையில் ஒருவர் எழுந்து, டாவிட், நீ எங்கே இருக்கிறாய், நீ வரைய வேண்டிய படம் இன்னும் ஒன்று இருக்கிறது என்று குரல் கொடுக்க, அதையும் செய்வேன் என்று பதில் சொன்னவரும் அவரே.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எனக்கே நேர்மையாகப் படாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இதழில் பக்க வடிவமைப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விழாப் புகைப்படத்தில் வரிசையாக நின்ற ஐந்து பேரில் ஒருவர், இதழ் அச்சேறுவதற்குள் வேண்டாதவராகிவிட்டார். எடுத்துவிடு என்றார்கள். எடுத்துவிட்டேன். எடுப்பது சுலபம்; அவர் நின்ற இடத்தை நிரப்புவதுதான் கஷ்டம். பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவரின் நிறத்தைப் பக்கத்திலிருந்து எடுத்து, வெளிச்சம் சரியும் விதம் கெடாமல், சிறிது சிறிதாக ஒற்றி ஒற்றி அந்த ஆளின் மேல் சுவரைப் பூசினேன். இரண்டு மணி நேர வேலை. முடிந்ததும் மனத்தில் எழுந்தது குற்ற உணர்வு அன்று, தொழில் திருப்தி. பிரசல்ஸில் அந்தச் சுவர் என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அக்டோபர் 16

விலக்குவது டாவிட்டின் கலையிலேயே ஊறியது. 1748-இல் பாரிசில் பிறந்தவர். ஒன்பது வயதை ஒட்டித் தந்தையை ஒரு வாள் சண்டையில் இழந்து மாமன்மார் ஆதரவில் வளர்ந்தவர். ரோமுக்குப் போகும் பரிசுக்காகப் பலமுறை போட்டியிட்டுத் தோற்று, 1772-இல் தோற்றபோது பட்டினி கிடந்து சாகத் துணிந்து, 1774-இல் ஒருவழியாக வென்றார். ரோமில் அவர் கற்றுக்கொண்டு வந்த புதுச்செவ்வியல் பாணியின் சாரம், தேவையற்றதைத் தள்ளுவது. அதற்கு முந்தைய தலைமுறையின் ஓவியங்களில் மேகமும் ரோஜாவும் பட்டுத்துணியும் குழந்தைத் தேவதைகளும் நிரம்பி வழியும். டாவிட் 1784-இல் முடித்த ‘ஹோரேஷியர்களின் சபதம்’ ஓவியத்தில் மூன்று வளைவுகள், மூன்று மகன்கள், நடுவில் வாள்களை ஏந்திய தந்தை, வலப்புறம் துவண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், வேறொன்றும் இல்லை. அரசருக்காகக் கேட்கப்பட்ட படம் அது; குறிக்கப்பட்ட அளவைத் தம் விருப்பப்படி பெரிதாக்கி வரைந்து கொடுத்தார். நாட்டுக்காக உயிரைக் கொடுப்பது ஆண்களின் பக்கம், அழுகை பெண்களின் பக்கம் என்று அவ்வளவு கறாராக ஒரு கேன்வாஸைப் பங்கு போட்டவரிடம் அப்போதே ஒரு தீர்ப்புச் சொல்லும் குணம் இருந்திருக்கிறது. நாம்தான் அதை ஒழுங்கு என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

1792-இல் அவர் தேசியப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1793 ஜனவரியில் அரசர் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை விதிக்க வாக்களித்தார். அதற்காகவே அவருடைய மனைவி சார்லோட் பெகூல் அவரைப் பிரிந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று டாவிட் பொதுக் காவல் குழுவின் உறுப்பினரானார். புரட்சியின் எதிரிகளாகக் கருதியவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற பயங்கர ஆட்சியின் காவல் துறை என்று அந்தக் குழுவைச் சொல்லலாம். யாரைக் கைது செய்வது, யாரைப் புரட்சி நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்பது அங்கே முடிவானது. அங்கிருந்து புறப்பட்ட நூற்றுக்கணக்கான ஆணைகளில் மற்ற உறுப்பினர்களின் கையெழுத்துகளோடு டாவிட்டின் கையெழுத்தும் இருக்கிறது. ‘மாராவின் மரணம்’ தூரிகையில் உருவாகிக்கொண்டிருந்ததும் அதே வாரங்களில்தான். மாராவின் கையிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கருணையைப் பூசியவர், தம் கையால் பெயர்ப் பட்டியல்களில் ஒப்பமிட்டுக்கொண்டிருந்தார். நண்பரின் கேள்வி உண்மையில் கேட்டது இதைத்தான் என்பது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின.

அந்த வாரங்களில் ஒரு நாளை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1793 அக்டோபர் 16, புதன்கிழமை. மாராவின் ஓவியம் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு லூவர் மாளிகையின் முற்றத்தில் வைக்கப்பட்டது அன்றுதான். அதற்கு இணையாக, அரசரின் மரணத்துக்கு வாக்களித்ததற்காகக் கொலையுண்ட லெபெல்த்தியே என்ற உறுப்பினரைப் பற்றி டாவிட் முன்னதாக வரைந்திருந்த படமும் பக்கத்தில் இருந்தது. அதே நாள் நண்பகல் கடந்ததும் அரசி மரி அந்துவானெத்தின் தலை வெட்டப்பட்டது. சிறையிலிருந்து கொலைமேடைக்குப் போகும் வண்டி சேன் ஓனோரே தெரு வழியாக வந்தது. லூவரிலிருந்து அது கூப்பிடு தூரம். அரசருக்குக் கிடைத்த மூடு வண்டி அரசிக்குக் கிடைக்கவில்லை, திறந்த கட்டை வண்டிதான். அந்தத் தெருவில் ஒரு சன்னலோரம் நின்றபடி டாவிட் அவளைப் பேனாவால் வரைந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கோட்டுருவம் இன்றும் லூவரில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சிறிய காகிதம்.

அதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. பலகையின் மேல் விறைத்து உட்கார்ந்திருக்கிறாள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருக்கின்றன. தலையில் ஒரு சாதாரணத் துணித் தொப்பி. கத்தரித்த முடி அதன் அடியிலிருந்து ஒழுங்கற்றுக் குத்திட்டு நிற்கிறது. கண்கள் கீழே பார்க்கின்றன. வாயின் ஓரங்கள் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றன. கீழுதடு கொஞ்சம் துருத்துகிறது. அவளுக்கு அப்போது 37 வயது. படத்தில் அறுபதைத் தாண்டியவள் போலிருக்கிறாள். மொத்தம் முப்பது கோடுகள்கூடத் தேறாது. இவ்வளவு குறைவான கோடுகளில் இவ்வளவு முழுமையாக ஒருவரைப் பிடிப்பதற்குக் கை எவ்வளவு நிதானமாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணும்போது எனக்கு ஒரு குளிர் ஏறுகிறது. அந்தக் கோடு எங்கேயும் நடுங்கவில்லை.

நண்பர் இதை வன்மம் என்கிறார். எனக்கு அவ்வளவு எளிதாகச் சொல்லத் தோன்றவில்லை. வன்மம் இருந்திருந்தால் கேலிச்சித்திரம் வரைந்திருப்பார். அன்றைய பாரிசில் அதற்குப் பஞ்சமே இல்லை. அவர் மிகைப்படுத்தவில்லை. கண்டதைக் கண்டபடி வரைந்தார். நோயாளியான மாராவுக்கு நோயற்ற உடலையும், ஒரு விதவைக்கான பணத்தையும், தலைக்கு மேல் அவ்வளவு பெரிய அமைதியையும் கொடுத்தவர், இவளுக்கு மட்டும் எதையும் கொடுக்கவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. இறந்துகொண்டிருக்கும் இரண்டு மனிதர்களில் ஒருவருக்குக் கருணை உண்டு, மற்றவருக்கு உண்மை மட்டும் உண்டு என்ற முடிவை ஒரே கை எடுத்திருக்கிறது, அதுவும் ஒரே நாளில் இரண்டு காட்சிகளாக ஊருக்கு முன்னால் வந்திருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், உண்மையை மட்டும் கொடுத்ததாலேயே அந்தக் கோட்டுருவத்தில் அரசியின் நிமிர்ந்த முதுகும் அகப்பட்டுக்கொண்டது. அதை நேராக்கி வைக்க வேண்டும் என்று டாவிட் நினைத்திருக்க மாட்டார். அவள் அப்படி உட்கார்ந்திருந்தாள், அவருடைய கையால் அதை வேறு விதமாகப் போட முடியவில்லை.

இன்னொரு சான்றும் இருக்கிறது. 1788-இல் வேதியியலாளர் லவோசியேயையும் அவர் மனைவியையும் டாவிட் ஆளுயரப் படமாக வரைந்தார். கூலி 7,000 லிவ்ர், அந்தக் காலத்துக்குப் பெருந்தொகை. கண்ணாடிக் குடுவைகளும் சிவப்பு மேசை விரிப்புமாக, அறிவியலே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு தம்பதி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இப்படத்தை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மேல் வண்ணத்துக்கு அடியில் வேறொரு படம் இருக்கிறது. அதில் மனைவியின் தலையில் நாடாவும் பூவும் வைத்த பெரிய தொப்பி, பின்னால் புத்தக அலமாரி, அலங்கார மேசை, ஆய்வுக் கருவிகளே கிடையாது. அரசின் வரியை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்த வரி குத்தகைதாரரான ஒரு பணக்காரரின் குடும்பப் படம். அதன் மேல்தான் டாவிட் அறிவியலைப் பூசியிருக்கிறார். ஆனால் அந்த மேல் பூச்சு புரட்சியை ஏமாற்றவில்லை. வரி குத்தகைதாரர் என்ற அந்தக் காரணத்துக்காகவே, 1794 மே 8 அன்று லவோசியேயும் அவருடைய மாமனாரும் உள்ளிட்ட 28 பேர் தலை இழந்தார்கள். அவரை அறிவியலாளராகத் தீட்டிய கைக்குச் சொந்தக்காரர் அன்றும் பொதுக் காவல் குழுவில் அமர்ந்திருந்தார்.

வியர்வை

1794 ஜூலை 26 இரவு, ஜாக்கோபின் சங்கத்தில், பயங்கர ஆட்சியை முன்னின்று நடத்திய ரோபெஸ்பியர் தம் முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்து பேசியபோது, நீ நஞ்சைக் குடித்தால் உன்னோடு நானும் குடிப்பேன் என்று டாவிட் எழுந்து சொன்னார். சாக்ரடீஸ் நஞ்சுக் கோப்பையை வாங்கும் காட்சியை ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் அற்புதமாக வரைந்தவர் அவர். வாக்கியம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். மறுநாள் ரோபெஸ்பியர் வீழ்ந்தபோது டாவிட் பேரவைக்கே வரவில்லை, உடல்நலமில்லை. அதற்கடுத்த நாள் ரோபெஸ்பியரின் தலை போயிற்று. சில நாட்களில் டாவிட்டின் மேல் பேரவையில் குற்றச்சாட்டு எழுந்தது. எழுந்து நின்று தம்மைக் காத்துக்கொள்ள முயன்றார். இளமையில் வாள் பயிற்சியில் பட்ட காயத்தால் கன்னத்தில் ஒரு கட்டி வளர்ந்து, அவருக்குப் பேச்சு எப்போதுமே குழறும். அன்று முகம் வெளிறி, நெற்றி வியர்வை உடையெல்லாம் வழிந்து தரையில் சொட்டியதாக அவருடைய மாணவர் தெலெக்ளூஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாவி என்னை எவ்வளவு தூரம் ஏமாற்றிவிட்டான் என்று உங்களால் நினைத்துப் பார்க்கவே முடியாது என்றும், இனிமேல் மனிதர்களைப் பற்றிக்கொண்டு நிற்கப் போவதில்லை, கொள்கைகளை மட்டுமே பற்றிக்கொள்வேன் என்றும் சொன்னார். கோப்பையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை போலும்.

ஆகஸ்ட் 2 அன்று கைதானார். அந்தச் சிறையில் அவர் கண்ணாடி பார்த்து வரைந்த தன்னுருவப் படம் லூவரில் இருக்கிறது. 81 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறிய படம். தளர்வான மேலங்கி, கழுத்தில் வெள்ளைத் துணி, ஒரு கையில் தூரிகை, இன்னொரு கையில் வண்ணத்தட்டு. வயது 46, படத்தில் அதைவிடப் பத்து வயது குறைவாகத் தெரிகிறார். கன்னத்தின் வீக்கம் தெரிகிறது. ஆனால் சற்று ஆற்றித்தான் வரைந்திருக்கிறார். முடி கலைந்திருக்கிறது. கண்கள், என்ன நடந்தது என்று இன்னும் புரியாத பையனின் கண்கள். எனக்கு முதலில் இந்தப் படத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. அக்டோபர் 16 அன்று சன்னலோரம் நடுங்காத கை, தன் முகத்தை வரையும்போது மட்டும் இவ்வளவு இளகுகிறதா என்ற எரிச்சல். மாராவுக்குக் கொடுத்த சலுகையை இப்போது தனக்கே கொடுத்துக்கொள்கிறார். கையில் கையெழுத்துப் போடும் பேனா இல்லை, தூரிகை மட்டும் இருக்கிறது. பின்னணியைப் பாருங்கள்: சிறையறை இல்லை, கம்பி இல்லை, சன்னல் இல்லை. பழுப்பில் ஒற்றியெடுத்த அதே வெற்றுச் சுவர்.

ஆயினும் அந்தக் கண்களை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பல முறை பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் உண்மையாகவே புரியாமல் விழிக்கிறார். மாரா தியாகி என்று நம்பியே வரைந்தார். ஆணைகளிலும் நம்பியே ஒப்பமிட்டார். வஞ்சகராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தவனின் கையால் மாராவின் கையில் அந்த இறகுப் பேனாவை அவ்வளவு மென்மையாக வைக்க முடியாது. பட்டியலை எடுத்துவிட்டபோது, தாம் எதையோ மறைப்பதாக டாவிட் நினைத்திருக்க மாட்டார். தேவையற்றதைத் தள்ளுவதாகவே நினைத்திருப்பார், ரோமில் கற்றபடி. வார இதழ் அலுவலகத்தில் சுவரைப் பூசிக்கொண்டிருந்த நானும் படத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் கடைசியில் விடுதலை. 1795-இல் மீண்டும் சில மாதச் சிறை. பிறகு பொது மன்னிப்பு. பிரிந்து போன மனைவி சிறைக்காலத்தில் அவரைத் தேடி வந்தார். 1794 மார்ச்சில் மணமுறிவே ஆகியிருந்த இருவரும் 1796-இல் மறுபடி மணந்துகொண்டார்கள். 1799-இல் அவர் காட்சிக்கு வைத்த ‘சபைன் பெண்கள்’ ஓவியத்தில், இரண்டு படைகளுக்கு நடுவே கைகளை விரித்துப் பாய்ந்து நிற்கிறாள் ஒரு பெண். ஹோரேஷியர்களின் வீட்டில் மூலையில் உட்கார்ந்து அழுத பெண்கள் எழுந்து நடுவுக்கு வந்துவிட்டார்கள். மனைவிக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் அந்தப் படம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் மன்னிப்புக் கடிதத்தைப் பார்க்க 1 பிராங்க் 80 சாந்தீம் நுழைவுக் கட்டணம் வசூலித்தவரும் டாவிட்தான்.

அதற்குப் பிறகான நெப்போலியன் காலத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்வதற்கில்லை. கோவேறு கழுதையில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தவரை முன்னங்கால் தூக்கிய குதிரையில் ஏற்றினார். ஏறக்குறைய பத்து மீட்டர் அகலமுள்ள ‘முடிசூட்டு விழா’ ஓவியத்தில், விழாவுக்கே வராத நெப்போலியனின் தாயை நட்டநடுவில் மேடை போட்டு உட்கார வைத்தார். அவற்றைப் பார்த்து யாரும் கலங்குவதில்லை. எனக்குத் தெரிந்து கோபப்படுவதும் இல்லை. அங்கே அவர் ஊழியர். ஊழியருடைய பொய் யாரையும் கொல்லவில்லை என்பதால் நமக்கு உறுத்துவதுமில்லை.

அழித்த எண்கள்

அரச குடும்பம் திரும்பி வந்தபின், அரசரின் மரணத்துக்கு வாக்களித்துப் பிற்பாடு நெப்போலியனையும் ஆதரித்தவர்கள் 1816-இல் நாடு கடத்தப்பட்டார்கள். டாவிட் பிரசல்ஸுக்குப் போனார். 1825 டிசம்பர் 29 அன்று அங்கேயே இறந்தார். உடலைப் பிரான்சுக்குள் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. இதயம் மட்டும் பாரிசின் பெர் லாஷேஸ் கல்லறையில் இருக்கிறது. மாராவின் படமும் பாரிசில் ஒளித்து வைக்கப்பட்டு, வாங்குவாரின்றிக் குடும்பத்திலேயே கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வாரிசு ஒருவரின் கொடையாகப் பிரசல்ஸ் வந்து சேர்ந்தது. அதனுடன் லூவர் முற்றத்தில் நின்ற லெபெல்த்தியே படத்தின் கதி வேறு. லெபெல்த்தியேயின் மகளைச் சிறுவயதில் தேசமே மகளாகத் தத்தெடுத்திருந்தது. வளர்ந்தபின் அவள் தீவிர அரச பக்தையானாள். 1826-இல் தந்தையின் மரணப் படத்தை டாவிட்டின் வாரிசுகளிடமிருந்து விலைக்கு வாங்கினாள். அதன் பிறகு அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு மாணவரின் கோட்டுப் படியும், ஒரு கிழிந்த அச்சுப் படியும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. விலக்கும் கலையை டாவிட்டிடமிருந்து கற்றுக்கொண்டவர்களில் அவளையும் சேர்க்கலாமா என்று எனக்குத் தோன்றியதுண்டு.

நண்பருக்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை. இரண்டாம் முறை பிரசல்ஸ் போக வாய்த்தபோது, அந்த ஓவியத்தின் மேற்பாதியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை, முதல் முறை போலவே நின்றேன். பிறகு பெட்டியின் பக்கம் வந்தேன். ‘மாராவுக்கு, டாவிட்’ என்பதற்குக் கீழே ‘ஆண்டு இரண்டு’ என்று புரட்சி நாட்காட்டியின்படி எழுதியிருக்கிறது. முதலில் டாவிட் கிறிஸ்தவ ஆண்டைத்தான் எழுதியிருந்தார். பேரவை அந்த இலையுதிர்காலத்தில் பழைய நாட்காட்டியை ஒழித்துவிட்டதால் அதை வண்ணம் பூசி மறைத்துவிட்டு, புதிய ஆண்டை எழுதினார். மரநிறத்தின் மேல் மரநிறம், கச்சிதமான வேலை. ஆனால் காலப்போக்கில் எண்ணெய் வண்ணம் மெலிந்து ஊடு தெரியத் தொடங்கும். காவலர் முறைக்காத அளவுக்குக் குனிந்து, தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தேன். பெட்டியின் கீழ் இடமூலையில் 17, வலமூலையில் 93.